“கண்ணைச் சிமிட்டு!” என்றது யந்திரம்

பாங்கியில் கணக்குத் தொடங்க ஒரு பெண் வந்தார். 2023-ஆம் ஆண்டு, ஜூலை மாதம்.

கணக்குத் தொடங்குவது இப்போது சுலபம். பழைய நாட்களைப் போல் கட்டுக் கட்டாகக் காகிதம் வேண்டாம். கம்ப்யூட்டரோ, செல்போனோ போதும். அதில் உள்ள காமிரா ஆளைப் படம் பிடிக்கும். “இவர் இன்னார்தான்” என்று நிச்சயம் செய்து கொள்ளும்.

ஆனால் ஒரு சந்தேகம் உண்டு. வந்திருப்பது ஆள்தானா? அல்லது, யாரோ ஒருவருடைய புகைப்படத்தைக் காமிராவுக்கு முன் நீட்டி ஏமாற்றுகிறார்களா?

அதைக் கண்டுபிடிக்க யந்திரத்துக்கு ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “கண்ணைச் சிமிட்டு!” என்று அது கட்டளை இடும். புகைப்படம் கண் சிமிட்டுமா? சிமிட்டாது. மனிதன் சிமிட்டுவான். அவ்வளவுதான் சோதனை.

அந்தப் பெண்ணையும் யந்திரம் அப்படித்தான் கேட்டது.

அவரால் கண் சிமிட்ட முடியவில்லை.

காரணம், அவர் அமில வீச்சுக்கு ஆளாகி உயிர் பிழைத்தவர். அமிலம் அவர் முகத்தையும் கண்களையும் சிதைத்து விட்டது. இமைகள் அவர் சொன்னபடி கேட்பதில்லை.

உயிரோடு எதிரே நிற்கிறார் ஒருவர். “இவர் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி இல்லை” என்று தள்ளி விடுகிறது யந்திரம்!

அந்தப் பெண் சும்மா இருந்து விடவில்லை. தம்மைப் போன்ற மற்றவர்களோடு சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். வழக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கலாம். அதற்கு முன், அவரைத் தடுத்து நிறுத்திய அந்தக் கண்ணாடிக் கதவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

கண்ணாடிக் கதவு

ரெயில் டிக்கெட் வாங்க வேண்டுமா? கம்ப்யூட்டர். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டுமா? செல்போன். பரீட்சைக்கு மனுப் போடவும், முடிவைத் தெரிந்து கொள்ளவும், ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கவும் இணையதளம்தான் வழி என்று ஆகி விட்டது.

கண் தெரிகிறவர்களுக்கும், காது கேட்கிறவர்களுக்கும், கை விரல்கள் சரியாக வேலை செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு சிரமமும் இல்லை. மற்றவர்கள்?

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகளின் தொகை 2 கோடியே 68 லட்சம். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். கேட்கும் சக்தி குறைந்தவர்கள் அதைவிடச் சற்று அதிகம். கை கால் அசைவில் குறை உள்ளவர்கள் 54 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரை உபயோகிக்க முடியாதவர்களா?

அதுதான் இல்லை! கண் இல்லாதவர் கம்ப்யூட்டரில் படிக்கிறார், எழுதுகிறார், கணக்குப் போடுகிறார், வக்கீலாகவும், பேராசிரியராகவும், கம்ப்யூட்டர் நிபுணராகவும் வேலை பார்க்கிறார். எப்படி?

காதால் படிக்கிறார்கள்

இதற்கென்று உள்ள ஏற்பாட்டின் பெயர் “திரை படிப்பான்”. கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருந்து வேலை செய்யும். திரையில் என்ன எழுதி இருக்கிறதோ அதை வாய் விட்டுச் சொல்லும். விசைப் பலகையைத் தட்டத் தட்ட, “தலைப்பு”, “பட்டியல்”, “பொத்தான்” என்று ஒவ்வொன்றாக அறிவித்துக் கொண்டே போகும். பழகியவர்கள் அதை வெகு வேகமாகப் பேச விட்டுக் கேட்பார்கள். புதிதாகக் கேட்பவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. தேனீ ரீங்காரம் இடுவது போல இருக்கும்!

பேச்சு வேண்டாம் என்பவர்களுக்கு வேறு சாதனம் உண்டு. விசைப் பலகைக்கு முன்னால் ஒரு பட்டையில் சின்னஞ் சிறு ஊசிகள் வரிசையாக எழும்பும், அடங்கும். திரையில் உள்ள வரி அங்கே பிரெய்ல் புள்ளிகளாக வரும். விரலால் தடவிப் படித்துக் கொள்ளலாம். கண்ணோடு காதும் கேளாதவர்களுக்கு இதுதான் கதி.

இந்தச் சாதனங்களை யார் கண்டுபிடித்தார்கள்? கண் தெரிந்தவர்கள் இரக்கப்பட்டுச் செய்து கொடுத்தவை என்று நினைத்தால், அது பாதி உண்மைதான். பெயர் பெற்றவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் பார்வை இழந்தவர்களே!

பந்தய வீரர் செய்த சாதனம்

டெட் ஹென்ட்டர் என்பவர் அமெரிக்கர். எஞ்சினீயரிங் படித்தவர். ஆனால் அவருக்குப் பித்து எல்லாம் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில்தான்.

1978-ல் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது ஒரு கார் விபத்தில் சிக்கினார். கண் பார்வை போய் விட்டது. பந்தயமும் முடிந்தது.

வேறு யாராவது இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஹென்ட்டர் கம்ப்யூட்டர் படித்தார். அப்போது இருந்த பேசும் கம்ப்யூட்டர்களில் உள்ள குறைகளை எல்லாம் அனுபவத்தில் தெரிந்து கொண்டார். 1987-ல் பில் ஜாய்ஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அங்கே பிறந்ததுதான் “ஜாஸ்” என்ற திரை படிப்பான். இன்றும் உலகம் முழுவதும் அது உபயோகத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. விலை அதிகம். கம்ப்யூட்டரை வாங்கும் பணத்துக்கு மேல் இன்னொரு பெரிய தொகையை இதற்கு எடுத்து வைக்க வேண்டும். ஏழை மாணவன் எங்கே போவான்?

அந்தத் தொல்லையைத் தீர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள். மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் தே என்று பெயர். இருவருமே பார்வை இல்லாதவர்கள். சிறு வயதில், பார்வையற்ற பிள்ளைகளுக்காக நடந்த ஓர் இசை முகாமில் சிநேகிதம் ஆனவர்கள்.

“கண் தெரிகிறவன் கொடுக்காத பணத்தைக் கண் தெரியாதவன் மட்டும் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?” இதுதான் அவர்களுடைய கேள்வி. 2006-ல் கர்ரன் வேலையைத் தொடங்கினார். தே வந்து சேர்ந்து கொண்டார். “என்.வி.டி.ஏ.” என்ற திரை படிப்பான் உருவாயிற்று. அதற்கு விலை கிடையாது. முற்றிலும் இலவசம்! இன்று 50-க்கு மேற்பட்ட பாஷைகளில் வேலை செய்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் பலருக்கு இதுதான் துணை.

ஆண் குரலும் பெண் குரலும்

ஜப்பானியப் பெண்மணி ஒருவரின் கதை இன்னும் விந்தையானது. சியெகோ அசகாவா என்பது அவர் பெயர். 11 வயதில் நீச்சல் குளத்தில் விளையாடும்போது கண்ணில் அடிபட்டது. 14 வயதில் பார்வை அடியோடு போயிற்று. ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் படித்தார். 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியின் டோக்கியோ ஆராய்ச்சிச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பின்னால் இணையம் பரவத் தொடங்கிற்று. புத்தகத்தைப் பிரெய்லில் பெயர்த்துத் தருவதற்கு மாதக் கணக்கில் காத்திருந்த அவருக்கு, இணையம் ஒரு புதையலாகத் தோன்றியது. அந்தப் புதையலைத் திறக்கச் சாவி வேண்டுமே! 1997-ல் அவர் செய்த “ஹோம் பேஜ் ரீடர்” ஜப்பானில் வெளிவந்தது. இணையதளங்களைக் குரலில் படித்துக் காட்டும் சாதனம் அது.

அதில் ஒரு யுக்தி செய்திருந்தார். சாதாரண வரிகளை ஆண் குரல் படிக்கும். வேறு பக்கத்துக்குக் கொண்டு போகும் இணைப்பு வந்தால், அதைப் பெண் குரல் படிக்கும். குரல் மாறியதுமே, “இங்கே ஒரு வாசல் இருக்கிறது” என்று கேட்பவர் தெரிந்து கொள்ளலாம்.

பின்னால் அசகாவாவின் குழு இன்னொன்றும் செய்தது. இணையதளம் தயாரிப்பவர்களுக்கு, “உங்கள் பக்கம் பார்வையற்றவருக்கு எப்படி இருக்கும், பாருங்கள்!” என்று காட்டிக் கொடுக்கும் சாதனம் அது. 2021 முதல் அவர் டோக்கியோவில் உள்ள தேசிய விஞ்ஞானக் காட்சிச் சாலையின் தலைவர்.

பிறகு என்ன குறை?

சாதனங்கள் வந்து விட்டன. பேசுகின்றன. விலையும் இல்லை. அப்புறம் என்ன குறை?

குறை சாதனத்தில் இல்லை. பக்கத்தைத் தயாரிப்பவரிடம் இருக்கிறது.

திரை படிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். பக்கத்தில் ஒரு படம் இருந்தால், அந்தப் படம் இன்னது என்று கூடவே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரி கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு மட்டும் கேட்கும். “முதலமைச்சர் பாலத்தைத் திறந்து வைக்கிறார்” என்று ஒரு வரி போதும். எழுத அரை நிமிஷம் ஆகாது. எழுதாவிட்டால், “படம்” என்று மட்டும் சொல்லி விட்டு யந்திரம் நகர்ந்து விடும். சில சமயம் படத்தின் கோப்புப் பெயரில் உள்ள எண்களை எல்லாம் ஒப்பிக்கும்.

படமாவது போகட்டும். பொத்தானுக்கே பெயர் இல்லாத பக்கங்கள் ஏராளம். “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று வாசிக்கிறது யந்திரம். எது பணம் கட்டும் பொத்தான்? எது ரத்து செய்யும் பொத்தான்? குத்து மதிப்பாக அழுத்திப் பார்க்க வேண்டியதுதான்! மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர், குத்து மதிப்பாகப் பொத்தானை அழுத்த முடியுமா?

இன்னொரு வேடிக்கை உண்டு. “நீங்கள் மனிதர்தானா?” என்று சோதிக்க, கோணல் மாணலான எழுத்துக்களைக் காட்டி, “இதைப் படித்து எழுதுங்கள்” என்பார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் உருவான சோதனை இது. பார்வையற்றவர் அதை எப்படிப் படிப்பார்? பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டும். தம்முடைய ரகசியக் குறிச்சொல்லையும், கணக்கில் உள்ள பணத்தையும் அவனுக்குக் காட்ட வேண்டும். தாம் மனிதர் என்பதை நிரூபிக்க இன்னொரு மனிதரின் தயவு!

இது ஏதோ சில பக்கங்களில் மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவில் உள்ள வெப் எய்ம் என்ற அமைப்பு, உலகில் அதிகம் பேர் பார்க்கும் 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதித்து வருகிறது. 2025-ஆம் ஆண்டுச் சோதனையில், நூற்றுக்கு 94.8 பக்கங்களில் குறை இருந்தது. மிக அதிகமாகக் காணப்பட்ட குறை எது தெரியுமா? எழுத்து மங்கலாக இருப்பது! வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதினால் யார்தான் படிக்க முடியும்?

ஒலிம்பிக்கை எதிர்த்தவர்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை எதிர்த்துக் கிளம்பினார்.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அதற்கென்று பெரிய இணையதளம் ஏற்பாடு ஆகி இருந்தது. புரூஸ் மாகுயர் என்பவர் அந்த நாட்டுக்காரர். பார்வை இல்லாதவர். பிரெய்ல் பட்டையைத் தடவிக் கம்ப்யூட்டரில் படிப்பவர். ஒலிம்பிக் பக்கத்தை அவர் திறந்து பார்த்தார். படங்களுக்கு விளக்க வரி இல்லை. பந்தயங்களின் அட்டவணைக்குப் போக வழி தெரியவில்லை. முடிவுகள் அடங்கிய பட்டியலும் புரியவில்லை.

1999 ஜூனில் அவர் அந்த நாட்டு மனித உரிமைக் கமிஷனிடம் புகார் கொடுத்தார். ஒலிம்பிக் அமைப்பாளர்கள் எதிர்வாதம் செய்தார்கள். பக்கங்களை எல்லாம் திருத்துவதற்கு 22 லட்சம் டாலர் செலவாகும் என்றார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். மாகுயர் தரப்பு நிபுணர்கள் அதை மறுத்தார்கள். அவ்வளவு பணமும் வேண்டாம், அவ்வளவு நாளும் வேண்டாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

2000 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. மாகுயருக்கு வெற்றி! பந்தயம் தொடங்கும் செப்டம்பர் 15-ந் தேதிக்குள் திருத்த வேண்டும் என்று உத்தரவு. அமைப்பாளர்கள் அதை முழுவதும் நிறைவேற்றவில்லை. பந்தயம் முடிந்த பிறகு, 20 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி கமிஷன் கட்டளை இட்டது.

மாகுயருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் பந்தயப் பட்டியலைத் தாமே படித்துப் பார்க்கும் சந்தோஷம் கிடைக்கவில்லை. வீடு கட்டி முடித்த பிறகு வாசற்படியை இடித்துக் கட்டுவது செலவுதான். கட்டும்போதே யோசித்தால் அந்தச் செலவே இல்லை. சிட்னி வழக்கு உலகுக்குச் சொன்ன பாடம் இதுதான்.

நாலு கேள்விகள்

எப்படிக் கட்டுவது? அதற்கும் விதிகள் இருக்கின்றன.

உலகளாவிய வலையைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கில விஞ்ஞானி. அவர் தலைமையில் இயங்கிய கூட்டமைப்பு, 1997-ல் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கிற்று. முதல் விதித் தொகுப்பு 1999 மே மாதம் வந்தது. இரண்டாவது தொகுப்பு 2008-ல் வந்தது. 2023 அக்டோபரிலும் அது திருத்தப்பட்டது.

விதிகள் ஏராளம். ஆனால் சாரம் நாலே கேள்விகள். பக்கத்தில் உள்ளதைக் கண்ணாலோ, காதாலோ, விரலாலோ அறிய முடிகிறதா? எலியைத் தொடாமல் விசைப் பலகையைக் கொண்டே எல்லாவற்றையும் இயக்க முடிகிறதா? சொல்லும் விஷயம் புரிகிறதா? எந்தச் சாதனத்தில் திறந்தாலும் வேலை செய்கிறதா?

மங்கல் எழுத்துக்கும் இதில் கணக்கு உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்று இருக்க வேண்டும். திரையில் எதுவும் ஒரு விநாடியில் மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று இன்னொரு விதி. சிலருக்கு அத்தகைய வெளிச்சம் வலிப்பை உண்டாக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு குழந்தைகள் டெலிவிஷன் படத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னின. அதைப் பார்த்துக் கொண்டிருந்த 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. பெரும்பாலோர் குழந்தைகள்.

காது கேளாதவர்களுக்கு வீடியோவின் கீழே பேச்சை எழுத்தில் ஓட விட வேண்டும் என்பதும் விதி. இங்கே ஒரு செய்தி. இணையத்தின் அஸ்திவாரத்தைப் போட்ட நிபுணர்களில் ஒருவர் அமெரிக்கரான வின்ட் செர்ஃப். அவர் இளம் வயதிலிருந்தே காது கேட்கும் கருவி அணிபவர். அவர் மனைவி சிறு வயதில் கேட்கும் சக்தியை இழந்தவர். டெலிபோனில் பேச முடியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கடிதம் எவ்வளவு பெரிய வரம் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்!

தமிழுக்கு வந்த சோதனை

தமிழில் இன்னொரு தனிச் சங்கடமும் இருந்தது.

முன்பெல்லாம் தமிழை அச்சடிக்கும் கம்ப்யூட்டர்களில் பலவித எழுத்துருக்கள் இருந்தன. அவற்றில் பல ஒரு குறுக்கு வழியில் செய்யப்பட்டவை. கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. திரையில் மட்டும் அதற்குத் தமிழ் வேஷம்! கண்ணுக்கு “அம்மா” என்று தெரியும். திரை படிப்பானுக்கு வேஷம் தெரியாது. உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துக்களையும் குறிகளையும் அது உளறிக் கொட்டும். கண் தெரிந்தவருக்குத் தமிழ். தெரியாதவருக்கு வெறும் இரைச்சல்!

யூனிகோடு என்ற பொது முறை வந்த பிறகு இது மாறிற்று. அதில் “அ” என்றால் உள்ளேயும் “அ”தான். 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை அங்கீகரித்து உத்தரவு பிறப்பித்தது. அந்த முறையில் எழுதியதை யந்திரம் தமிழாகவே படிக்கிறது.

ஆனால் பழைய வழக்கம் முழுவதும் போய் விடவில்லை. சுற்றறிக்கையை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து இணையதளத்தில் ஏற்றி விடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகை, பரீட்சைத் தேதி, வேலை வாய்ப்பு விளம்பரம் எல்லாம் செல்போனில் படமாகவே பறக்கின்றன. பார்வையற்ற பட்டதாரிக்கு வேலை விளம்பரம் வந்து சேருகிறது. கையிலேயே இருக்கிறது. கடைசித் தேதி என்ன என்று மட்டும் தெரிவதில்லை! அதே செய்தியைப் படத்துக்குக் கீழே நாலு வரியில் எழுதி இருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2016-ல் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. கம்ப்யூட்டரிலும் பத்திரிகையிலும் வெளியாகும் செய்திகள் அவர்களுக்கும் எட்டும்படி இருக்க அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சேவை அளிக்கும் தனியார்களுக்கும் கடமை உண்டு என்கிறது.

சட்டம் கட்டாயம் என்றது. ஆனால் சட்டத்தின்கீழ் வகுத்த ஒரு விதி, இதை ஏதோ சிபாரிசு போல ஆக்கி வைத்திருந்தது. 2024 நவம்பர் 8-ந் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையில் சுப்ரீம் கோர்ட்டு, அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்புக் கூறிற்று. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படியும் சொல்லிற்று.

அடுத்த ஆண்டே அந்தக் கண் சிமிட்டாத பெண்ணின் வழக்கும் முடிவுக்கு வந்தது.

வழக்கின் முடிவு

2025 ஏப்ரல் 30-ந் தேதி. நீதிபதிகள் ஜே.பி. பார்டிவாலா, ஆர். மகாதேவன் இருவரும் அடங்கிய பெஞ்சு தீர்ப்பை வெளியிட்டது. தீர்ப்பை எழுதியவர் மகாதேவன். முன்பு சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

அமில வீச்சுக்கு ஆளான அந்தப் பெண் முதலானோரின் மனுவோடு, பார்வையற்ற ஒருவருடைய மனுவும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அந்தப் பெண்ணால் கண் சிமிட்ட முடியவில்லை. பார்வையற்றவருக்கோ, காமிராவுக்கு நேராக முகம் இருக்கிறதா, வட்டத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று தெரியவில்லை. குறை வேறு வேறு. மூடிய கதவு ஒன்றுதான்.

அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. கம்ப்யூட்டர் வழியே சேவைகளைப் பெறும் உரிமையும் அதற்குள் அடங்கும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. ஆள் உயிரோடு இருப்பதைக் கண்டறியக் கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும். காகிதத்தில் மனுக் கொடுக்கும் பழைய முறையும் தொடர வேண்டும். யந்திரம் தள்ளி விட்ட மனுவை ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும். இணையதளங்களை அவ்வப்போது நிபுணர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

நாளை யாருக்கு?

இதெல்லாம் யாரோ சிலருக்காகச் செய்யும் உபகாரம் என்று எண்ணி விடக் கூடாது.

தட்டெழுத்து யந்திரத்தின் கதையைக் கேளுங்கள். 1808 வாக்கில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் ஒரு யந்திரம் செய்தார். எதற்காக? பார்வை இழந்த ஒரு சீமாட்டி, பிறர் உதவி இல்லாமல் தாமே கடிதம் எழுதுவதற்காக! அந்தச் சீமாட்டி அதில் அடித்த கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஒருவருடைய கஷ்டத்துக்காகத் தோன்றிய யந்திரங்களின் பரம்பரைதான் பின்னால் உலகத்து ஆபீஸ்களை எல்லாம் நிரப்பியது.

காது கேளாதவருக்காக ஓட விட்ட எழுத்து, இரைச்சலான பஸ்ஸில் வீடியோ பார்ப்பவருக்கும் உதவுகிறது. மங்கிய பார்வைக்காகப் பெரிதாக்கிய எழுத்து, மூக்குக் கண்ணாடியை மறந்து விட்டு வந்த தாத்தாவுக்கும் உதவுகிறது. கை ஒடிந்து கட்டுப் போட்டவருக்கும், வெயிலில் நின்று செல்போனைப் பார்ப்பவருக்கும் அந்த விதிகள்தான் கை கொடுக்கின்றன. முதுமை எல்லோருக்கும் வரும். கண்ணும் காதும் விரலும் ஒரு நாள் தளரத்தான் செய்யும்.

செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. செல்போனில் படம் அனுப்புகிறவர் கூடவே ஒரு வரி எழுதலாம். பள்ளிக்கூடம் சுற்றறிக்கையைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பலாம். கடைக்காரர் தம் இணையதளத்தைத் தயாரிக்கச் சொல்லும்போது, “விசைப் பலகையைக் கொண்டே இதில் சாமான் வாங்க முடியுமா?” என்று ஒரு கேள்வி கேட்டு வைக்கலாம். வேலை முடிந்ததும் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் நல்ல பரீட்சை கிடையாது.

“கண்ணைச் சிமிட்டு!” என்று கேட்ட யந்திரத்தின் மீது குற்றம் இல்லை. அதற்கு அந்த ஒரு கேள்விதான் தெரியும். அந்தக் கேள்வியைக் கற்றுக் கொடுத்தவர்கள், கண் சிமிட்ட முடியாதவர்களும் உலகில் உண்டு என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது சுப்ரீம் கோர்ட்டு நினைவுபடுத்தி இருக்கிறது. இனி மறப்பதற்கு நியாயம் இல்லை.